அழித்தெழுதும் தட்டும் அழியக்கூடாத நினைவும்



நம் வீடுகளில் பழைய பிஸ்கட் டின்னைத் திறந்தால் பலவற்றில் சிடித் தட்டுகள் இருக்கும். அக்காவின் கல்யாணம், மாரியம்மன் கோயில் திருவிழா, தாத்தா இருந்த கடைசித் தீபாவளி என்று ஒவ்வொன்றின் மேலும் எழுதியிருக்கும். அந்தப் படத்தில் தெரியும் லயத்து வீடுகள் சில இடங்களில் இன்று இல்லை. ஆனால் பிள்ளை வாங்கி வந்த புதிய மடிக்கணினியில் தட்டைப் போடும் வாய்கூட இல்லை. அந்தத் தட்டுகளை என்ன செய்வது? இதைத்தான் இன்று நாம் பேசப்போகிறோம்.

முதலில், தட்டில் எழுதுவது எப்படி என்று பார்ப்போம். எழுதும் தட்டுகள் இரண்டு வகை. ஒன்று சிடி-ஆர். அதனுள்ளே மெல்லிய சாயப்பூச்சு உண்டு. லேசர் ஒளி பட்ட இடத்தில் சாயம் சூடேறி நிறம் மாறிவிடும். இது மையால் எழுதியது போன்றது. ஒருமுறை எழுதினால் எழுதியதுதான். மற்றொன்று சிடி-ஆர்டபிள்யூ. 1997இல் வெளிவந்த இதில் சாயத்துக்குப் பதில் ஓர் உலோகக் கலவை இருக்கும். லேசர் அதை உருக்கிச் சட்டென ஆறவிட்டால் அந்த இடம் ஒளியை மங்கலாகத் திருப்பும். மிதமாகச் சூடாக்கினால் பழைய நிலைக்கே வந்துவிடும். ஆகவே அழித்து மறுபடி எழுதலாம்.

பால்மரம் வெட்டுபவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வெட்டிய பட்டை மறுபடி வளர்கிறது. அதில் மறுபடி வெட்டுகிறோம். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டல்லவா? சிடி-ஆர்டபிள்யூ தட்டுக்கு அந்த எல்லை ஏறக்குறைய 1,000 முறை.

இன்னொரு குறையும் உண்டு. அழித்தெழுதும் தட்டு, சாதாரண சிடியைவிட மிகக் குறைவாகவே ஒளியைத் திருப்பித் தரும். அதனால்தான் கணினியில் ஓடிய தட்டைப் பழைய சிடிப்பெட்டி படிக்க மறுத்தது. தட்டு கெட்டுவிட்டது என்று குப்பையில் போட்டவர்கள் நம்மில் பலர்.

அடுத்து டிவிடி. சிடியில் 700 எம்பி அடங்கும், டிவிடியில் 4.7 ஜிபி அடங்கும். எழுதும் டிவிடி வந்தபோது நிறுவனங்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்தன. ஓர் அணியின் தட்டுக்குக் கழித்தல் குறி, மற்ற அணியின் தட்டுக்குக் கூட்டல் குறி. ஆரம்பக் காலக் கருவிகள் சில ஒன்றை ஏற்கும், மற்றதைத் தள்ளிவிடும். பின்னால் வந்தவை இரண்டையும் ஏற்றன. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் வந்த பல மடிக்கணினிகளில் 'காம்போ' என்ற கருவி இருந்தது. அது சிடியில் எழுதும். டிவிடியைப் படிக்க மட்டும்தான் செய்யும். கருவியின் வாயருகே அச்சிட்டிருக்கும் குறிகளைப் பார்த்தால் அது எதை ஏற்கும் என்று தெரிந்துவிடும்.

புளூ-ரே தட்டை டிவிடிக் கருவி ஏன் படிப்பதில்லை? சிடிக்கு 780 நானோமீட்டர் ஒளி, டிவிடிக்கு 650, புளூ-ரேவுக்கு 405. தட்டில் உள்ள கோடுகள் நெருங்க நெருங்க, ஒளியும் நுணுக்கமாக வேண்டும். சாக்கு ஊசியால் பூத்தையல் போட முடியுமா?

கணினியில் எழுதும்போது பிள்ளைகள் செய்யும் தவறு ஒன்றையும் சொல்லவேண்டும். விண்டோஸ் இரண்டு வழிகளைக் காட்டும். ஒன்று, யூஎஸ்பி போலப் பயன்படுத்தும் வழி. மற்றொன்று, சிடி, டிவிடி பெட்டிகளில் ஓடும் வழி. முதல் வழியில் எழுதிய தட்டு தொலைக்காட்சியோடு உள்ள பெட்டியில் பெரும்பாலும் ஓடாது. அதுபோல, பதிவுக் கருவியில் எடுத்த டிவிடியை இறுதியில் முறைப்படி மூடவில்லை என்றால், எடுத்த கருவியைத் தவிர வேறு எதிலும் அது ஓடாமல் போகலாம். பழைய கருவி வீட்டில் இருந்தால், அதை விற்பதற்கு முன் மூடிவிடுங்கள்.

கடையில் வாங்கும் படத்தட்டுக்கு வட்டார எண் உண்டு. மலேசியாவுக்கு 3, இந்தியாவுக்கு 5. எண் பொறித்த சென்னைத் தட்டுக்காக மடிக்கணினிக் கருவியின் எண்ணை மாற்றலாம். ஆனால் ஐந்து முறைதான். அதன்பின் கடைசி எண்ணிலேயே நின்றுவிடும். வீட்டில் எழுதிய கல்யாணத் தட்டுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

இனி, நாம் செய்யவேண்டியது என்ன? பாலிக் புலாவில் மழையும் வெயிலும் மாறி மாறி வருகின்றன. ஈரமும் வெப்பமும் சாயத் தட்டுக்குப் பகை. தட்டை உறையில் போட்டு, நிறுத்திய நிலையில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். சிடியின் எழுத்துப் பக்கத்தைக் கீறாதீர்கள். ஒளியைத் திருப்பும் படலம் அந்தப் பக்கத்து மெல்லிய பூச்சுக்கு அடியிலேதான் இருக்கிறது. துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காமல், நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள்.

இவ்வளவு செய்தாலும் தட்டை மட்டும் நம்பி இருக்கக்கூடாது. பதிவு செய்யும் புளூ-ரே தட்டுகளின் தயாரிப்பை சோனி நிறுவனம் 2025 பிப்ரவரியில் நிறுத்தியது. படிக்கும் கருவிகளும் அருகி வருகின்றன. யூஎஸ்பி கம்பியில் மாட்டும் வெளிக்கருவி இன்னும் கடைகளில் கிடைக்கிறது. ஒரு குடும்பம் வாங்கினால் பத்துக் குடும்பம் பயன்படுத்தலாம். தட்டில் உள்ளதைக் கணினிக்கு மாற்றி, இரண்டு இடங்களில் பிரதி வையுங்கள். ஒன்று உங்களிடம், மற்றொன்று வேறு ஊரில் உள்ள அண்ணன் தம்பி வீட்டில். மாற்றியபின் படம் முழுவதும் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, பழைய தட்டையும் பத்திரமாக வையுங்கள். அழித்தெழுதும் தட்டு பள்ளிப் பாடத்துக்கு ஆகும். குடும்ப நினைவுக்கு ஆகாது. ஒரு பொத்தான் தவறி அமுங்கினால், தாத்தாவின் குரல் போய்விடும்.

ஆகவே நேயர்களே, மறுபடி எழுதக்கூடியது தட்டு. மறுபடி எடுக்க முடியாதது அதிலுள்ள நாள். இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த டின்னைத் திறந்து, பிள்ளைகளோடு அமர்ந்து, ஒவ்வொரு தட்டாகப் பாருங்கள். படத்தில் இருப்பவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று சொல்லிக்கொடுங்கள். அதைப் பிள்ளைகள் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். படம் மட்டும் மிஞ்சி, பெயர் தெரியாமல் போனால் அதுவும் பாதி இழப்புத்தானே?

வணக்கம்.