தெளிந்த நீரில் வளரும் இடர்

உயிருள்ளவற்றாலோ அவற்றினின்று தோன்றும் நஞ்சாலோ மனிதருக்கு நேரக்கூடிய கேட்டினை உயிரியல் இடர் என்கிறோம். நோய்க்கிருமிகள், அவற்றைச் சுமந்து திரியும் பூச்சிகள், மருத்துவமனையில் கழித்த ஊசிகள் யாவும் இதில் அடங்கும். ஆய்வுக்கூடக் கதவுகளிலே மூன்று பிறைகளைப் பிணைத்தாற்போன்ற குறியொன்றைக் காண்கிறோம். 1966-இல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட எச்சரிக்கை அது. ஆயின், கொசுவின் முதுகில் அக்குறியைப் பொறித்து வைப்பார் யார்?

பெங்களூருக்கு இவ்விடர் புதிதன்று. 1898-இல் பிளேக் நோய் இருப்புப்பாதை வழியே இந்நகரினுள் புகுந்தது. எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சி அதனைப் பரப்பிற்று. நெருக்கமான பேட்டைகளை விட்டு மக்கள் வெளியேறியதால் மல்லேசுவரம், பசவனகுடி முதலிய பகுதிகள் விரைந்து வளர்ந்தன. பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் எடுத்த வரலாற்றைக் கோயம்புத்தூர் அன்பர்களும் தம் ஊரில் கேட்டிருப்பர்.

அன்று வைட்ஃபீல்ட், 1882-இல் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களுக்கென அமைந்த சிற்றூர். இன்றோ கணினி நிறுவனங்களும், கட்டி முடிந்தனவும் முடியாதனவுமான மாடிக் கட்டிடங்களும் நிறைந்த நகர்ப்பகுதி. தண்ணீர் லாரியை எதிர்நோக்கும் இல்லங்கள் பல. வந்த நீரைத் தொட்டியிலும் பீப்பாயிலும் சேர்த்து வைக்காமல் வாழ இயலாது. அந்தச் சிக்கனமே இடருக்கு இடம் தந்துவிடுகிறது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நாம் பேணி வைக்கும் தெளிந்த நீரிலேயே பெரிதும் முட்டையிடுகிறது, பகலிலே கடிக்கிறது.

முட்டை கொசுவாக ஏறத்தாழ எட்டுப் பத்து நாட்கள் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை கலத்தைக் கவிழ்த்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. சுவரில் ஒட்டிய முட்டை பல மாதங்கள் உலர்ந்து கிடந்தும், மீண்டும் நீர் பட்டவுடன் பொரிக்க வல்லது! பொங்கலுக்கு வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குச் செல்வோர், பூந்தொட்டியின் அடித்தட்டையும் குளிர்பதனப் பெட்டியின் பின்தட்டையும் பார்த்துச் செல்வது நலம்.

2024 செப்டம்பரில் கர்நாடக அரசு டெங்குவைக் கொள்ளைநோயாக அறிவித்து, கொசு வளர இடந்தருவோருக்குத் தண்டமும் விதித்தது. வீடுகளைவிடக் கட்டிட வேலையிடங்களுக்குத் தண்டம் மிகுதி. அது முறையே. கட்டுவோர் தேக்கிய நீரில் பிறந்த கொசு, அண்டை வீட்டாரையும் கடிக்குமன்றோ?

இனி, நம்மவர் தனியே கருத வேண்டியது ஒன்றுண்டு. டெங்குக் கிருமி நான்கு வகைப்படும். ஒருவகையால் முன்பே தாக்குண்டவரை வேறொரு வகை தாக்கும்போது நோய் கடுமையாகும் வாய்ப்பு மிகுதி. அக்கடுமையோ காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது தோன்றுவதில்லை. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே, காய்ச்சல் தணியும் வேளையிலேதான் இரத்தக் குழாய்களினின்று நீர் கசிந்து, இரத்த அழுத்தம் வீழ்கிறது. விடுதி அறையில் தனித்து வாழும் நம் இளைஞர், உடல் குளிர்ந்தது கண்டு மகிழ்ந்து, அம்மாவின் கையால் உண்டால் தேறிவிடலாம் என்று இரவுப் பேருந்தில் ஏறிவிடுகின்றனர். ஓசூரைக் கடந்தபின் நடுவழியில் மயக்கம் வந்தால், பக்கத்து இருக்கையில் இருப்பவரும் அதை உறக்கம் என்றே எண்ணுவார்.

கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் குருதி, கைகால் சில்லிடுதல், நிலைகொள்ளாமை: இவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே மருத்துவமனை செல்லுதல் வேண்டும். காய்ச்சலுக்கு ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபனும் ஆகா. பாரசிட்டமால், அதுவும் மருத்துவர் சொன்ன அளவில். காய்ச்சல் விட்டபின் இரண்டு நாட்களேனும் வைட்ஃபீல்டிலேயே தங்கி, நீராகாரம் பருகி, இரத்தப் பரிசோதனைக்குச் சென்று வருக. அம்மாவின் கைச்சோறுதான் வேண்டுமெனில், பேருந்தில் அம்மா வரட்டும்.