அகன்ற அலைப்பாதை



கொழும்பு மாளிகாவத்தையின் தொடர்மாடி வீடுகளிலே பொழுது சாய்ந்ததும் ஒரு குறை எழுவதுண்டு. நண்பகலில் தங்குதடையின்றி ஓடிய கைத்தொலைபேசிப் படம், இரவு எட்டு மணிக்கு நின்று நின்று நகர்கிறது. கருவியும் அதுவே, கோபுரமும் அதுவே. வேகம் எங்கே போயிற்று?

வானொலி அலையும் ஒரு பாதையே. பாதை அகன்றால் செய்தி பெருகும். இரைச்சல் மிகுந்தால் குறையும். இவ்விதியை அமெரிக்க அறிஞர் குளோட் ஷனன் 1948இல் கணக்கிட்டு நிறுவினார்.

1995இல் இலங்கைக்கு வந்த ஜி.எஸ்.எம். முறையில் ஓர் அலைப்பாதையின் அகலம் 200 கிலோஹேர்ட்ஸ் மட்டுமே. அதனையும் எண்மர் முறைவைத்துப் பகிர்ந்தனர். பேச்சுக்கு அது போதும், படத்துக்குப் போதாது. 2006இல் டயலொக் நிறுவனம் தொடக்கிய மூன்றாம் தலைமுறைச் சேவையிலோ பாதையின் அகலம் 5 மெகாஹேர்ட்ஸ். அதாவது இருபத்தைந்து மடங்கு.

அப்பாதையில் முறைவைப்புக்குப் பதிலாக, பலரும் ஒரே வேளையில் பேசினர். ஒவ்வோர் உரையாடலுக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு. மாளிகாவத்தை மாடிப்படியொன்றில் தமிழும் சிங்களமும் மலாயும் ஒருங்கே ஒலித்தாலும், அவரவர் செவி தத்தம் மொழியைப் பிரித்தறிகின்றதல்லவா? அதுபோன்றதே இது. ஆயின் கூட்டம் பெருகப் பெருக இரைச்சலும் பெருகும். எவர் சொல்லும் தெளிவாகக் கேளாது.

2013இல் இங்கு கைத்தொலைபேசிகளுக்கு வந்த நான்காம் தலைமுறை வேறு வழியை மேற்கொண்டது. 20 மெகாஹேர்ட்ஸ் வரை விரியும் பாதையை மெல்லிய இழைகளாகப் பிரித்து, தேவைக்கேற்பப் பங்கிடுகிறது. எனினும் பங்கு பங்குதான். ஒரு கோபுரத்தின் கீழ் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஒரே நேரத்தில் படம் பார்த்தால், ஒவ்வொருவருக்கும் எஞ்சுவது சிறு துளியே. உள்ளறைகளின் கொங்கிறீற்றுச் சுவர்களும் அலையை நலிவிக்கின்றன.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது இது வெறும் பொழுதுபோக்கின் குறையாக இருக்கவில்லை. ஆசிரியரின் குரல் அலைவழியே வந்தது. பாதை நெருங்கிய இடத்தில் பாடமும் அறுந்தது.

நெரிசலைத் தீர்க்கும் வழி அறியாததன்று. பெரிய கோபுரம் ஒன்றை மட்டும் நம்பாது, சிறு நிலையங்கள் பலவற்றை நெருக்கமாக அமைத்தால், அதே அலைவரிசையைத் தெருவுக்குத் தெரு மீண்டும் பயன்படுத்தலாம். அலைவரிசை நாட்டின் பொதுச்சொத்து; அதனை வழங்கும் பொறுப்பு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவினுடையது. பாதை எத்துணை அகன்றது என்று வியப்பதோடு, மேல்மாடிப் பிள்ளைக்கும் அதில் இடமுண்டா என்று கேட்பதும் குடிமக்கள் கடமையாகும்.