ஆற்றங்கரை அரசுகளும் அன்னை திரௌபதையும்

(தீமிதித் திருவிழாவையொட்டி நிகழ்த்தப்பெற்ற சமய உரையின் எழுத்து வடிவம்)

 

சென்ற ஆண்டு பாரதம் படிக்கப்பெற்ற நாளொன்றில் இளைஞர் ஒருவர் என்னிடம் வந்து, "ஐயா, அத்தினாபுரம் உண்மையிலேயே இருந்ததா? எல்லாம் கதைதானா?" என்று வினவினார். "நம்பிக்கையில் கேள்வி எதற்குத் தம்பி?" என்று கூறி அவரை அனுப்பிவிட்டேன். வீடு திரும்பிய பின் அவ்விடை என் மனத்தை உறுத்தியது. அறியும் ஆர்வத்தோடு கேட்டவரை வெறுங்கையோடு அனுப்பிவிட்டோமே என வருந்தினேன். அன்று தரத் தவறிய விடையை இன்று இச்சபையில் தர விழைகிறேன்.

அத்தினாபுரம் என்னும் ஊர் இன்றும் உள்ளது. உத்தரப் பிரதேசத்தின் மீரட் மாவட்டத்தில், கங்கையின் பழைய கரையோரம் அது அமைந்துள்ளது. வேத காலத்தின் பிற்பகுதியில், இந்தோ-ஆரிய மொழி பேசிய குலத்தார் கங்கைக்கும் யமுனைக்கும் இடைப்பட்ட வளநிலத்தில் அரசுகளை நிறுவினர். அவற்றுள் தலையாயது குரு நாடு. அதன் கிழக்கே பாஞ்சாலம் இருந்தது. ஆறே அவர்களுக்கு உணவளித்தது. ஆறே எல்லையும் வகுத்தது. துரோணர் துருபதனை வென்று பாஞ்சாலத்தைப் பிரித்தபோது, கங்கைக்கு வடபால் அகிச்சத்திரம் துரோணருக்கும், தென்பால் காம்பிலியம் துருபதனுக்கும் உரியவாயின என்று பாரதம் கூறுகிறது. அத்துருபதன் மகளே நம் அன்னை பாஞ்சாலி.

1950 முதல் 1952 வரை தொல்லியல் அறிஞர் பி. பி. லால் அத்தினாபுரத்தில் அகழாய்வு நடத்தினார். அங்கே கிடைத்தவை மாணிக்க மண்டபங்கள் அல்ல. மண் சுவர்களும், கருகிய நெல்மணிகளும், குதிரை எலும்புகளும், கருங்கோடு தீட்டிய சாம்பல்நிறக் கலங்களுமே கிடைத்தன. அதனினும் வியப்பான சான்று ஒன்றும் வெளிப்பட்டது. பெருவெள்ளம் ஒன்று அவ்வூரின் ஒரு பகுதியை அரித்துச் சென்ற தடம் மண்ணில் பதிந்திருந்தது. அவ்வெள்ளம் கி.மு. 800ஐ ஒட்டி நிகழ்ந்திருக்கலாம் என அவர் கணித்தார்.

புராணங்களும் இதனையொத்த செய்தி ஒன்றைக் கூறுகின்றன. பரீட்சித்தின் வழிவந்த நிசக்ஷு என்னும் மன்னன் காலத்தில், கங்கை அத்தினாபுரத்தை அடித்துச் செல்ல, அவன் யமுனைக் கரையிலுள்ள கோசாம்பிக்குத் தலைநகரை மாற்றினானாம். புத்தர் பெருமான் காலத்தில் அந்நகரை ஆண்டவன் உதயணன். அவன் வரலாற்றைத்தான் கொங்குவேளிர் 'பெருங்கதை' என்னும் தமிழ்க் காப்பியமாகப் பாடினார். பாண்டவர் மரபின் இறுதிக் கிளையொன்று தமிழிலும் தழைத்தமை நமக்குப் பெருமையன்றோ!

இவையெல்லாம் பாரதப் போர் நடந்ததற்குச் சான்றாகுமா? ஆகா. வெள்ளத்தின் தடம் வெள்ளத்திற்கே சான்று, போருக்குச் சான்றன்று. இதனை ஒளிக்காமல் கூறுவதே நேர்மை. லால் கண்டவை எளிய குடியிருப்புகள். அவ்வெளிய ஊரின் நினைவு, சூதர் வாயிலும் புலவர் நாவிலும் பல நூற்றாண்டுகள் வளர்ந்து பேரிதிகாசமாயிற்று என்பதே அறிஞர் பலர் கருத்து.

அன்பர்களே, அரசுகள் ஆற்றோடு போயின, அன்னையோ போகவில்லை. கங்கைக் கரையில் பிறந்த கதையைத் தமிழ்நாட்டு உழவர் தம் தெருக்கூத்தில் வாழவைத்தனர். செஞ்சிச் சீமையெங்கும் அவளுக்குக் கோயில் எடுத்தனர். நாகப்பட்டினத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் கப்பலேறிய நம் முன்னோர் அவ்வழிபாட்டை இத்தீவுக்குக் கொணர்ந்தனர். 1827இல் தோன்றிய சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் ஆலயத்தில், பஞ்ச பாண்டவரோடு அன்னை திரௌபதை தனிச் சன்னதி கொண்டு அருள்கிறாள். தீபாவளிக்கு முன் வரும் தீமிதி நாளில், சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து புறப்படும் பக்தர்கள், சுமார் நான்கு கிலோமீட்டர் நடந்து, சிங்கப்பூர் ஆற்றைக் கடந்து அவள் சன்னதியை அடைகிறார்கள். கங்கைக் கரை அரசி வேறோர் ஆற்றின் கரையில் வீற்றிருக்கிறாள்!

சபையிலே ஒரு பெண்ணுக்கு அநீதி இழைக்கப்பட்டபோது மன்னரும் சான்றோரும் பலர் வாய்மூடி இருந்தனர். அவள் நியாயம் கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே அவளைத் தெய்வமாகக் கொண்டோம். அவ்வாறிருக்க, கேள்வி கேட்ட ஓர் இளைஞரை நான் வாயடைக்கச் செய்தது எவ்வகையில் முறை?

பெற்றோர்களே, பிள்ளைகள் வினவினால் தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததை அவர்களோடு அமர்ந்து தேடுங்கள். ஆராய்ச்சியால் அன்னையின் பெருமை குறையாது. அந்த இளைஞர் இச்சபையில் இருப்பாராயின், என் விடை தாமதமானமைக்குப் பொறுத்தருள்க.

அன்னையின் திருவருள் அனைவருக்கும் கிட்டுவதாக!