சர்க்கரை நோயாளிக்கு வயிறு வலித்தால்



நாம் வாழும் இந்தக் கொல்கத்தாவில் யாருக்காவது வயிறு வலித்தால் உடனே என்ன சொல்கிறார்கள்? 'கேஸ்' என்கிறார்கள். நெஞ்சு எரிந்தால் 'அம்போல்' என்கிறார்கள். இங்கே வந்து குடியேறிய நாமும் இந்த இரண்டு வார்த்தைகளையும் நன்றாகக் கற்றுக்கொண்டோம். லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ் வீடுகளிலும் இதே பேச்சுதான். மருந்துக் கடையில் ஒரு மாத்திரை வாங்கி விழுங்குகிறோம். பல நேரம் சரியாகிவிடுகிறது. ஆனால் வயிறு வலிப்பவருக்குச் சர்க்கரை நோய் இருந்தால்? இந்தப் பழக்கம் உயிருக்கே ஆபத்தாகலாம். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

வயிற்றில் வலது பக்கம் கீழே, பெருங்குடல் தொடங்கும் இடத்தில், சிறு வால் போல ஒன்று தொங்குகிறது. அதன் பெயர் குடல்வால். டாக்டர்கள் அப்பெண்டிக்ஸ் என்பார்கள். நம் விரல் அளவுதான் இருக்கும். அதன் ஒரு முனை மூடியிருக்கும். மறு முனை பெருங்குடலுக்குள் திறந்திருக்கும். அந்த வாய் அடைபட்டால் உள்ளே கிருமி பெருகும். குடல்வால் வீங்கிச் சீழ் பிடிக்கும். கவனிக்காமல் விட்டால் உடைந்துவிடும். சீழ் வயிற்றுக்குள் பரவும்.

இந்த நோய்க்கு வழக்கமான அடையாளங்கள் உண்டு. முதலில் தொப்புளைச் சுற்றி வலிக்கும். சில மணி நேரத்தில் வலி வலது பக்கம் கீழே இறங்கும். இருமினால் சுருக்கென்று குத்தும். பசி போய்விடும். வாந்தி வரும். லேசாகக் காய்ச்சல் அடிக்கும்.

மகாத்மா காந்திக்கும் இந்த நோய் வந்தது. 1924-ஆம் ஆண்டு அவர் எரவாடா சிறையில் இருந்தார். கடுமையான வயிற்றுவலி. புனே நகரின் சாசூன் மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். ஜனவரி 12-ஆம் தேதி இரவு கர்னல் மேடக் என்ற ஆங்கில டாக்டர் ஆபரேஷன் செய்தார். நடுவில் மின்சாரம் நின்றுவிட்டது! அரிக்கேன் விளக்கின் வெளிச்சத்தில் வேலையை முடித்தார்கள். காந்தி பிழைத்தார். பெனிசிலின் கூடக் கண்டுபிடிக்காத காலம் அது.

காந்திக்கு வலி இருந்தது. அதனால் நோய் தெரிந்தது. வலியே சரியாகத் தெரியாதவர் என்ன செய்வார்?

பல வருடம் சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் நரம்புகள் கெட்டுப்போகும். காலில் முள் குத்தினாலும் தெரியாத சர்க்கரை நோயாளிகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். செருப்பு கழன்றது கூடச் சிலருக்குத் தெரியாது. வயிற்றுக்குள் இருக்கும் நரம்புகளும் இப்படி மந்தமாகலாம். உள்ளே சீழ் பிடித்திருக்கும். அவரோ, "லேசாக உப்புசம்" என்பார். காய்ச்சலும் வராமல் இருக்கலாம். வயதானவர்களுக்கு இன்னும் கவனம் தேவை. எல்லாச் சர்க்கரை நோயாளிகளுக்கும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. பலருக்கு வலி நன்றாகவே தெரியும். தெரியாதவர்களுக்குத்தான் நோய் தாமதமாகத் தெரிகிறது. அதற்குள் குடல்வால் உடைந்துவிடுகிறது.

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அம்மாவுக்கு 60 வயது. 15 வருடமாகச் சர்க்கரை. இரண்டு நாளாக வயிறு சரியில்லை. "கேஸ்தான், விடு" என்கிறார். மகள் சர்க்கரை அளவு பார்க்கிறாள். வழக்கமாக 150 இருக்கும். இன்று 320! "ரசகுல்லா சாப்பிட்டீங்களாம்மா?" என்று மகள் கோபப்படுகிறாள். பாவம், அம்மா இரண்டு நாளாகச் சோறே சாப்பிடவில்லை.

சாப்பிடாதவருக்குச் சர்க்கரை ஏன் ஏறியது? உடம்பில் எங்கேயோ கிருமி வேலை செய்கிறது. கிருமியோடு போராடும்போது உடம்பே சர்க்கரையை ஏற்றிவிடும். அம்மாவின் வயிறு சொல்லாததை அந்த 320 சொல்கிறது.

இன்னொரு குழப்பமும் உண்டு. சர்க்கரை மிகவும் ஏறி, ரத்தத்தில் ஒருவித அமிலம் சேர்ந்தால், அதனாலேயே வயிறு வலிக்கும், வாந்தி வரும். குடல்வால் நோய் போலவே தோன்றும். சில சமயம் இரண்டும் சேர்ந்தே வரும். ரத்தம், சிறுநீர், ஸ்கேன் எல்லாம் பார்த்து டாக்டர்தான் பிரித்துச் சொல்ல முடியும். நாம் வீட்டில் உட்கார்ந்து சொல்ல முடியாது.

அதனால் அந்த மகள் என்ன செய்ய வேண்டும்? விளக்கெண்ணெய் கொடுக்கக் கூடாது. எனிமா கூடாது. வயிற்றில் சூடு ஒத்தடம் வேண்டாம். வலி மாத்திரை கொடுத்துத் தூங்க வைக்கவும் வேண்டாம். சாப்பிடவில்லை என்று இன்சுலினைத் தானாக நிறுத்திவிடுகிறார்கள் பலர். அது பெரிய ஆபத்து. எவ்வளவு போடுவது என்று டாக்டரைக் கேளுங்கள். மாத்திரைகளில் சிலவற்றை வாந்தி எடுக்கும்போது நிறுத்த வேண்டியிருக்கும். அதையும் அவரிடமே கேளுங்கள். ஆபரேஷன் தேவைப்படலாம். ஆகவே போகும் வழியில் உணவு கொடுக்காதீர்கள். ஆனால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி, வியர்த்து நடுங்கினால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கத்தான் வேண்டும்.

"சர்க்கரை உள்ளவரை அறுத்தால் புண் ஆறாது" என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துவார்கள். சர்க்கரை ஏறியே இருந்தால் புண் ஆறத் தாமதமாகும், உண்மைதான். அதற்காகத்தான் மருத்துவமனையில் இன்சுலின் கொடுத்துச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கிறார்கள். குடல்வால் உடைந்த பிறகு செய்யும் ஆபரேஷன்தான் இதைவிடக் கடினம்.

எஸ்.எஸ்.கே.எம். ஆனாலும், 1835-இல் தொடங்கிய மெடிக்கல் காலேஜ் ஆனாலும், அவசரப் பிரிவில் கூட்டம் இருக்கும். அங்கே முதல் வார்த்தையிலேயே சர்க்கரை நோயைச் சொல்லிவிடுங்கள். வங்காளம் வராதவர்கள் இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "ஆமார் மாயேர் சுகார் ஆச்சே, பேட்டே பேதா." என் அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, வயிற்றில் வலி என்று அர்த்தம். சாப்பிடும் மாத்திரைகளின் அட்டையையும், சர்க்கரை அளவு எழுதிய சீட்டையும் கையில் எடுத்துப் போங்கள். எழுதத்தான் இப்போது நமக்குத் தெரியுமே!