வறட்சியும் குடிபெயர்வும்: புணே நகரம் தரும் படிப்பினை

நகரத்தின் கவர்ச்சியே கிராம மக்களை ஈர்க்கிறது என்னும் கருத்து பரவலாக நிலவுகிறது. புணே மாநகரின் அனுபவம் இதற்கு மாறானது. இங்கு வந்தோரில் பலர் ஈர்க்கப்பட்டவர் அல்லர். சொந்த மண்ணிலிருந்து தள்ளப்பட்டவர்களே ஆவர்.

1947-இல் நாடு பிரிக்கப்பட்டபோது சிந்துப் பகுதியிலிருந்து வந்த குடும்பங்கள் புணேயை அடுத்த பிம்ப்ரி முகாமில் குடியமர்த்தப்பட்டன. அரசியல் நெருக்கடியால் இடம்பெயர்ந்த அவர்களை அகதிகள் என அரசு ஏற்றது. மறுவாழ்வு அரசின் கடமையாயிற்று. 1954-இல் அங்கு இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் தொழிற்சாலை நிறுவப்பட்டது. தொழில்கள் பெருகின, சிந்தி வணிகர்களின் கடைவீதியும் செழித்தது.

1972-73-ஆம் ஆண்டு வறட்சியில் மராத்வாடாவிலிருந்து வந்த நிலமற்ற ஏழைகளுக்கு அத்தகைய பெயரும் இல்லை, முகாமும் இல்லை. அவர்களில் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்கள் பலர் நகரம் கழித்த காகிதத்தையும் கண்ணாடியையும் பொறுக்கி விற்றுப் பிழைத்தனர். ஒரே நகரம், ஒரே வகைத் துயரம், ஆயினும் அங்கீகாரத்தில் எத்துணை வேறுபாடு!

வறட்சி என்பது மழையின்மை மட்டுமன்று. விளைச்சல் பொய்க்கும்போது கூலி வேலை மறைகிறது. கூலி மறையும்போது, கடையில் தானியம் இருந்தும் வாங்கும் சக்தி இல்லாமற் போகிறது. இதையுணர்ந்த மகாராஷ்டிர அரசு நிவாரணப் பணிகளை விரிவாக்கியது. 1973 கோடையில் ஏறத்தாழ 50 லட்சம் பேர் அவற்றில் வேலை பெற்றனர். இவ்வனுபவத்தின் பயனாக, வேலை கேட்பதை உரிமையாக்கும் வேலை உறுதிச் சட்டம் 1977-இல் இயற்றப்பட்டு, 1979 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. 2005-ஆம் ஆண்டின் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்திற்கு இதுவே முன்னோடி.

புறப்படும் ஊரில் இது பாதித் தீர்வு. மறுபாதி, சென்று சேரும் ஊரில் உள்ளது. குப்பை பொறுக்குவோர் 1993-இல் புணேயில் தமக்கெனச் சங்கம் கண்டனர். மாநகராட்சியின் ஒப்புதலுடன் அடையாள அட்டையும் பெற்றனர். பின்னர் அவர்களது கூட்டுறவு அமைப்பு மாநகராட்சியுடன் ஒப்பந்தம் செய்து, வீடுதோறும் குப்பை சேகரிக்கும் பணியை ஏற்றது. பிழைப்பு, தொழிலாக உயர்ந்தது.

இவ்விரு தீர்வுகளுக்கும் இடையே நிற்பவர் கரும்பு வெட்டுவோர். ஆண்டுதோறும் பீட் முதலிய மாவட்டங்களிலிருந்து புணே மாவட்டம் உள்ளிட்ட மேற்கு மகாராஷ்டிரத்தின் சர்க்கரை ஆலைப் பகுதிகளுக்கு அவர்கள் வருகின்றனர். கணவனும் மனைவியும் சேர்ந்து ‘ஒரு கொய்தா’, அதாவது ஓர் அரிவாள் எனக் கணக்கிடப்படுகின்றனர். முகாதமிடம் பெற்ற முன்பணம் அவர்களைப் பருவம் முழுவதும் பிணைக்கிறது. உடன்வரும் குழந்தைகளின் படிப்பு இடையில் நிற்கிறது. வெளிமாநிலத் தொழிலாளருக்கான 1979-ஆம் ஆண்டுச் சட்டமோ மாநில எல்லையைக் கடந்தவரையே கருதியது. மாவட்ட எல்லையைக் கடந்த இவர்கள் அதன் வரம்புக்கு வெளியே நின்றனர்.

குடிபெயர்வைத் தடுப்பது திட்டமிடுதலின் நோக்கமாகாது. ஊரில் வேலை உண்டு என்ற உறுதி இருக்குமாயின், புறப்படுவது அவரவர் விருப்பமாகும். சென்ற இடத்தில் ரேஷனும் பள்ளியும் நியாயமான கூலியும் கிடைக்குமாயின், அப்பயணம் முன்னேற்றமாகும். இவ்விரண்டும் இல்லாத பயணத்தை வளர்ச்சி எனக் கணக்கிடுதல் தகாது.