திரும்பிப் போனதும் கானைப் பாருங்கள்

(கித்துல்கல தோட்டங்களுக்குத் திரும்பும் குடும்பங்களுக்கான உரை)



தகரம், சிமெந்து, உலர் உணவு, பிள்ளைகளின் பாடசாலைப் பதிவு எல்லாம் இந்தக் கையேட்டின் மற்றப் பக்கங்களில் இருக்கின்றன. நான் கானைப் பற்றி மட்டும் பேசுகிறேன். முகாமிலிருந்து போனவுடன் எல்லோரும் கூரையை அண்ணாந்து பார்ப்பீர்கள். பாருங்கள், தப்பில்லை. அதற்குப் பிறகு வீட்டுக்குப் பின்னால் மேட்டில் ஏறி, மேலே உள்ள கான் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஒருமுறை நடந்து பாருங்கள்.

வெளியூர்க்காரருக்குக் கித்துல்கல என்றால் களனி கங்கையில் றப்பர் படகு விடும் இடம். நமக்கு அது மழை. ஆண்டுக்கு 3000 மில்லிமீற்றருக்கும் மேல் பெய்யும் மலை இது. மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை, ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. 2016 மே 17ஆம் திகதி நமது கேகாலை மாவட்டத்திலேயே அறநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதே நாள் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயத்து வீடுகள் மண்ணுக்குள் போயின. அதற்கு முன் 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தவில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

மலைத் தண்ணீர் இரண்டு விதமாகக் கெடுதல் செய்கிறது. ஓடும் தண்ணீர் மேல்மண்ணை அரித்துக்கொண்டு போகிறது. தேயிலைத் தூரின் வேர் வெளியே தெரிவது அதனால்தான். தேங்கும் தண்ணீர் உள்ளே இறங்கி மண்ணைக் கனக்கச் செய்து அதன் பிடியைத் தளர்த்துகிறது. முதலாவது கெடுதல் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது, சரிகிற அன்றுதான் தெரியும். ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றதைக் கூட்டிவிடவும் கூடும். அதனால்தான் கான் வெட்டும் முன் யோசிக்கச் சொல்கிறேன்.

தேயிலை மலையிலும் உங்கள் மரக்கறித் துண்டிலும் கான் மலைக்குக் குறுக்கே போக வேண்டும். மேலிருந்து கீழே நேராக வெட்டினால் அது கான் இல்லை, அடுத்த மழைக்கு ஓடையாகிவிடும். குறுக்குக் கானுக்கு 120 அடிக்கு 1 அடி சரிவு போதும். அதற்கு மேல் விட்டால் தண்ணீர் கானையே தின்னும். சரிவைக் கண்மட்டத்தில் பார்ப்பது அனுபவசாலிக்கும் பிசகும். மூன்று கம்பை ஏணி மாதிரி கூராகக் கட்டி, கால்களுக்கு இடையே 5 அடி விட்டு, உச்சியிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிடுங்கள். மட்டமான தரையில் நூல் குறுக்குக் கம்பில் படும் இடத்தைக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர் போக வேண்டிய பக்கத்துக் காலின் அடியில் அரை அங்குலப் பலகைத் துண்டை ஆணியடியுங்கள். அதை வைத்து மலையில் நடந்தால், நூல் அந்தக் கோட்டில் நிற்கும்போதெல்லாம் சரிவு சரி. பள்ளிக்கூடப் பிள்ளை கூட ஒரு மணி நேரத்தில் பழகிவிடும்.

தேயிலைக்குள் இருக்கும் கானில் இடையிடையே கான் கரையை விடத் தாழ்வாக மண் தடுப்பு விடுவது பழைய தோட்டப் பழக்கம். வண்டல் தடுப்புக்குப் பின்னால் தங்கும், மேலதிகத் தண்ணீர் வழிந்து போகும். தங்கிய வண்டலை அள்ளித் தூரில் போடுங்கள், அது உங்கள் மண்தான். வெட்டிய மண்ணைக் கானின் கீழ்ப்பக்கம் பரப்பி மானாப் புல் வையுங்கள்.

ஆனால் லயத்துக்கு மேலே உள்ள கானில் இந்தத் தடுப்பு வேண்டாம். அங்கே தண்ணீர் தேங்கக்கூடாது, மண்ணுக்குள் இறங்கவும் கூடாது. வெட்டுச் சுவருக்கு மேலே, விளிம்பிலிருந்து தள்ளி, கல் அல்லது சிமெந்து பதித்த கான் ஒன்று வேண்டும். அது போய்ச் சேரும் பெரிய கானில் கல்படி கட்டி, தண்ணீர் படிப்படியாக இறங்க விடுங்கள். உங்கள் கானின் வாய் அடுத்த லயத்தின் தலைக்கு மேல் திறந்தால், நீங்கள் செய்தது ஆபத்தை அங்கே தள்ளிவிட்டதுதான். இதில்தான் சண்டை வருகிறது. மேல் லயத்தாரும் கீழ் லயத்தாரும் சேர்ந்து நின்று வாயைத் தீர்மானியுங்கள்.

மழைத் தண்ணீர் மட்டுமல்ல. உடைந்த பீலிக் குழாய், குசினிக் கழுவு தண்ணீர், கூரைத் தண்ணீர் எல்லாம் ஆண்டு முழுவதும் அதே சரிவுக்குள் இறங்குகின்றன. சொட்டும் குழாயை ஒரு றப்பர் துண்டால் கட்டுவதற்குக் காசு வேண்டியதில்லை.

குசினியைக் கொஞ்சம் பெரிதாக்கப் பின்னால் உள்ள மண்சுவரை நேராக வெட்டுவது நம் தோட்டங்களில் வழக்கமாகிவிட்டது. இடம் போதாது என்பது உண்மைதான். காம்பராவில் எத்தனை பேர் படுக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் மலையின் பாதத்தை வெட்டாதீர்கள். மண்சரிவு அபாயமுள்ள நம் மாவட்டத்தில் புதிதாகக் கட்டுவதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி வேண்டும். கிராம உத்தியோகத்தர் வழியாகக் கேளுங்கள். அதே நிறுவனம் உங்கள் லயத்தை அதிக அபாயம் என்று குறித்திருந்தால், எந்தக் கானும் அதை மாற்றாது. அங்கே திரும்ப வேண்டாம். கான் வெட்டினால் போதும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

தேயிலை மலையின் கான் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. அடைத்துக் கிடந்தால் கணக்கப்பிள்ளையிடம் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். துரைக்குக் கடிதம் கொடுத்து, பிரதியில் திகதியுடன் ஒப்பம் வாங்குங்கள். மண் பாதுகாப்புச் சட்டம் 1951 முதல் நாட்டில் இருக்கிறது. நீங்கள் கேட்பது உபகாரம் அல்ல.

களை எடுக்கும்போது சுரண்டியால் தரையைச் சவரம் செய்யாமல் அரிவாளால் அறுங்கள். வேர் மண்ணில் இருக்கட்டும்.

இனி, மழை நாட்களுக்கு. நேரான பக்கங்கள் உள்ள தகர டின் ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, தினமும் ஒரே நேரத்தில் கோலால் அளந்து ஊற்றிவிடுங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர், அதாவது 3 அங்குலம் வந்தால் விழிப்பாயிருங்கள். 100இல் மூட்டையைக் கட்டி வையுங்கள். 150, அல்லது ஒரே மணி நேரத்தில் 75 வந்தால் வெளியேற வேண்டும். ஆனால் தரையில் வெடிப்பு, மரமோ கம்பமோ சாய்வது, கதவு திடீரென்று இறுகுவது, புதிதாக ஊற்றுக் கிளம்புவது, ஓடிய ஊற்று நின்றுபோவது அல்லது சேறாக வருவது, இவற்றில் எதைக் கண்டாலும் டின்னைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். வெளியே வந்தபின் 117க்கு அழையுங்கள். மழை விட்ட பிறகு, உத்தியோகத்தர் வந்து பார்க்கும்வரை வெடிப்பைக் களிமண்ணால் அடைத்து மூடி வையுங்கள். அதற்குள் தண்ணீர் போகக்கூடாது.

கானை ஏப்ரல் முடிவதற்குள் ஒருமுறையும் செப்டெம்பரில் ஒருமுறையும் துப்புரவு செய்ய வேண்டும். லயத்துக்கு ஒரு நாள் என்று இன்றே பேசி முடிவு செய்யுங்கள். மம்பட்டியும் கடப்பாரையும் இல்லாதவர்கள் நம் களப் பணியாளரிடம் பெயர் கொடுங்கள்.