நாள்பட்ட வலியும் நாமும்

(பாறசாலையில் நடந்த நம் சபைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

"ஆரோக்கியத்தைப் பற்றி ஏதாவது பேசுங்கோ" என்று செயலாளர் கேட்டபோது, நான் டாக்டர் இல்லையே என்று தயங்கினேன். பௌதிகத்தில் பி.எஸ்ஸி. படித்துவிட்டு, எடை அளவைத் துறையில் முப்பது வருஷம் கடை கடையாக ஏறித் தராசுக்கும் எடைக்கல்லுக்கும் முத்திரை வைத்தவன் நான். ஆனால் என் வீட்டில் நானே செய்த ஒரு தப்பைச் சொன்னால் நாலு பேருக்கு உபயோகப்படும் என்று தோன்றியது.

என் அக்காவுக்கு எண்பத்திரண்டு வயது. அத்திம்பேர் காலமான பிறகு என்னோடுதான் இருக்கிறாள். மூன்று வருஷத்துக்கு முன் அவளுக்கு இடது விலாவில் அக்கி கண்டது. பழைய வழக்கப்படி காவி பூசிக் காத்திருந்தோம். கொப்புளம் வாடியது, தோலும் ஆறியது. வலி மட்டும் போகவில்லை. ரவிக்கைத் துணி பட்டால்கூட நெருப்புப் பட்டாற்போலத் துடிப்பாள். எக்ஸ்ரே எடுத்தோம், அதில் ஒன்றும் தெரியவில்லை.

"வயசானால் வலி இருக்கத்தான் செய்யும். நாமஜபத்தில் மனசைத் திருப்பு" என்றேன். அளந்து பார்க்க முடியாததை நம்பாத உத்தியோக புத்தி! அதற்கப்புறம் அக்கா வலியைப் பற்றிப் பேசவில்லை. குறைந்துவிட்டது போலும் என்று நானும் நினைத்துக்கொண்டேன். அவளோ வாசலில் கோலம் போடுவதை நிறுத்தினாள். பிரதோஷத்துக்குக் கோவிலுக்கு வருவதை நிறுத்தினாள். சாப்பாடு பாதியாகிவிட்டது. யாரையோ விட்டு மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கித் தினமும் விழுங்கிக்கொண்டிருந்தாள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

பக்கத்து வீட்டில் படுக்கையில் இருக்கும் ஒரு பெரியவரைப் பார்க்கப் பஞ்சாயத்தின் சாந்த்வன பரிசரண நர்ஸ் மாதா மாதம் வருவாள். ஒரு நாள் அவள் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து, "அம்மே, வேதன உண்டோ?" என்று கேட்டாள். ஒன்றரை வருஷமாக நான் கேட்காத கேள்வி அது. அக்கா அழுதுவிட்டாள். நர்ஸ் சொன்னபடி திருவனந்தபுரத்தில் ஒரு வலி சிகிச்சை டாக்டரிடம் போனோம்.

அவர் எக்ஸ்ரேயைக் கையில் வாங்குவதற்கு முன் அக்காவைப் பேசவிட்டார். "குத்தலா, கடுப்பா, எப்படிப்பட்ட வலி?" என்றார். அக்கா, எல்லையில் வாழும் நம்மைப் போலவே தமிழும் மலையாளமும் கலந்து, "எரிச்சல், ஒரே நீற்றல்" என்றாள். டாக்டர் உடனே குறித்துக்கொண்டார். மூட்டுத் தேய்மானம் பெரும்பாலும் கடுக்கும். நரம்பின் வலி எரியும், மின்சாரம் பாய்ந்தாற்போல இருக்கும் என்று விளக்கினார். பிறகு, பூஜ்யம் முதல் பத்து வரை எண்களில் உங்கள் வலி எத்தனை என்றார். அக்கா, எட்டு என்றாள்.

என் கேள்விக்கு அவர் சொன்ன பதிலை என் பாஷையில் சொல்கிறேன். காயம் பட்டதும் வரும் வலி, கல்லை வைத்ததும் நகரும் தராசு முள். கல்லை எடுத்தும் முள் பூஜ்யத்துக்குத் திரும்பாமல் நின்றால், பழுது தராசில்தானே? அக்கிக் கிருமி நரம்பைக் கெடுத்துவிட்டுப் போகிறது. புண் ஆறியும் அந்த நரம்பு மூளைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என்கிறார்கள். அதில் கற்பனை ஏதும் இல்லை. 2020-ல் சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் திருத்தி வெளியிட்ட விளக்கத்தில், ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்றும், வாயால் சொல்ல இயலாதவருக்கும் வலி இருக்கலாம் என்றும் சேர்த்திருக்கிறார்கள். அதைப் படித்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது.

கடை மாத்திரையை டாக்டர் நிறுத்தச் சொன்னார். அந்த வகை மாத்திரைகள் வயதானவர்களின் வயிற்றில் புண்ணையும் சிறுநீரகத்தில் கேட்டையும் உண்டாக்கலாம். சிறுநீரகப் பரிசோதனை செய்து பார்த்த பிறகு, நரம்பு வலிக்கான காபாபென்டினைக் குறைந்த அளவில் ராத்திரி மட்டும் ஆரம்பித்து, மெல்ல மெல்லக் கூட்டினார். தலைசுற்றலாம், ராத்திரி எழுந்திருக்கும்போது ஜாக்கிரதை, தானாக நிறுத்தக் கூடாது என்று எச்சரித்தார். வலி முழுக்கப் போய்விடும் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. "மறுபடி என்ன செய்யணும்னு ஆசை?" என்றுதான் கேட்டார். "வாசலில் கோலம் போடணும்" என்றாள் அக்கா. முதல் வாரம் நாலு புள்ளி, பிறகு ஓய்வு. வலி குறைந்த நாளிலும் அளவை மீறக் கூடாது என்று திட்டம் போட்டுக் கொடுத்தார்.

அந்த நர்ஸ் நம் தெருவுக்கு வந்த கதையையும் சொல்ல வேண்டும். லண்டனில் 1967-ல் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கிய டாக்டர் சிசிலி சாண்டர்ஸ், வலி என்பது உடம்போடு மனசு, குடும்பம், ஆன்மா எல்லாம் சேர்ந்தது என்றார். கோழிக்கோடு மெடிக்கல் காலேஜில் டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களோடு 1993-ல் வலி நிவாரண சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். 2003-ல் ராஜகோபால் திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியாவை நிறுவினார். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 2008-ல் கேரள அரசு, இந்தியாவிலேயே முதலாவதாக, இதற்கென்று ஒரு கொள்கையை அறிவித்தது. அதன் பலனாகத்தான் உள்ளாட்சி நர்ஸ் வீடு தேடி வருகிறாள்.

மார்பீன் என்றால் பலருக்கும் பயம். 1985-ன் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் புற்றுநோயாளிகளுக்கே அது கிடைக்காமல் இருந்தது. 2014-ல் சட்டத்தைத் திருத்தி விதிகளைத் தளர்த்தினார்கள். புற்றுநோயின் கடும் வலிக்கு, டாக்டர் மேற்பார்வையில், அது பெரிய வரப்பிரசாதம். அக்காவைப் போன்றவர்களின் வலிக்கு அது முதல் மருந்தல்ல.

உங்களிடம் மூன்று விண்ணப்பங்கள். அக்கி கண்டால் எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போங்கள். கிருமிக்கு எதிரான மருந்து அதற்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். இந்தியாவில் 2023 முதல் ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்குத் தடுப்பூசியும் இருக்கிறது. உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். இரண்டாவது, வலி மாத்திரையை நீங்களாக மாதக்கணக்கில் சாப்பிடாதீர்கள். மூன்றாவது, வீட்டில் ஒரு பெரியவர் வழக்கமாகச் செய்வதை நிறுத்திவிட்டால், பக்கத்தில் உட்கார்ந்து, வலிக்கிறதா என்று கேளுங்கள். நாம் பேசாமல் தாங்குவதைப் பெருமை என்று வளர்ந்தவர்கள். கேட்டால்தான் வாய் திறப்போம்.

அக்காவின் வலி இப்போது நாலில் நிற்கிறது. சில நாள் ஆறு. போன மாதம் அவளிடம், "அப்போ ஏன் சொல்லலை?" என்று கேட்டேன். "சொன்னேனேடா. நீதான் ஜபம் பண்ணச் சொன்னாய்" என்றாள். இந்தக் கூட்டத்துக்குப் புறப்படும்போது வாசலில் கோலம் இருந்தது. ஒரு பக்கம் கொஞ்சம் கோணல்தான். மிதிக்காமல் தாண்டி வந்தேன்.